தெருநாய் என்று எழுதிய அட்டை

அத்தியாயம் 14

போன வாரம் இழைக்காரியை வக்கீல் ஆபீஸ் மாடிப்படியில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாவம், ஏழு நாளாக அங்கேயேதான் நிற்கிறாள். முதலில் அவளை மேலே ஏற்றிவிடுவோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இழைக்காரி என்பது கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர். கோட்டில் சிகரெட் ஓட்டையோ, பட்டில் ஆணி இழுத்த கிழிசலோ, எதைக் கொடுத்தாலும் அதே துணியின் ஓரத்திலிருந்து நூலை உருவி, குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, கிழிந்த இடம் எது என்று கொடுத்தவரே தேடும்படி செய்து தருவாள். கடையின் முன்பக்கத்தில் சலவையும் இஸ்திரியும், அது புருஷன். பின்பக்கம் ஜன்னலோரம் இவள். மாடியில் நாத்தனார். கடை நாத்தனாருடையது, வீடும் நாத்தனாருடையது, கொஞ்சம் உற்றுப் பார்த்தால் புருஷனும் நாத்தனாருடையவன்தான். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அதை அவன் ஒரு நாளும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறவளும் அவளே.

நாத்தனாருக்கு ஒரு நாய். கடைக்குட்டி என்று பெயர். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அதன் கழுத்து பெல்ட் பிய்ந்து தொங்கியது. இழைக்காரி நீலத் துணியில் ஒட்டுப் போட்டுத் தைத்து, அதன் கழுத்தில் மாட்டினாள். கொக்கி விழுந்த நொடியில் கடைக்குட்டி அவள் வலது கையைக் கவ்வியது. முழங்கைக்குக் கீழே ஒரு கடி. உதறியபோது விரல்களில் இன்னொரு கடி.

ஆஸ்பத்திரியில் அட்டை எழுதும்போது, "எந்த நாய்?" என்று கேட்டார்கள். புருஷன் முந்திக்கொண்டு, "தெருநாய்" என்றான். அக்கா பேர் வெளியே வரக்கூடாதாம். வலியில் இவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்காத வாயை இன்றைக்குக் காசு கட்டித் திறக்க வந்திருக்கிறாள்.

கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி இல்லை. நரம்பைச் சேர்த்துத் தைக்க வேண்டும், சீக்கிரம் செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குச் சொன்ன தொகை அவள் இரண்டு வருஷம் ஊசி பிடித்தால் வருவது. ஊசி பிடிக்கத்தான் விரல் வேண்டும்.

"அண்ணி, இந்தக் கை போனா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்று நாத்தனாரிடம் போய் நின்றாள்.

"நீ கையை நீட்டினே, அவன் கடிச்சான். நீட்டச் சொன்னது யாரு?" என்றாள் நாத்தனார்.

நீட்டச் சொன்னது அவள்தான். ஆனால் அதைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது.

வக்கீலம்மாவின் மேஜைமேல் ஒரு சின்னக் கடிகாரம் இருந்தது. முகம் வந்தவர்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காசு கட்டினவர்கள்தானே நேரத்தைப் பார்க்க வேண்டும்.

"அரை மணி நேரம். அழாம பேசினா எல்லாத்தையும் பேசிடலாம்" என்றாள் வக்கீலம்மா. "அட்டையைக் குடுங்க."

இழைக்காரி இடது கையால் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"தெருநாய்ன்னு இருக்கே?"

"அது அவர் சொன்னது."

"கூட வந்தவர் கையெழுத்துன்னு ஒண்ணு கீழே இருக்கு. யார் போட்டது?"

"அவர்தான்."

"பேஷ். எதிர்க்கட்சிக்கு முதல் சாட்சி உங்க வீட்டுக்காரர்." வக்கீலம்மா அட்டையை மேஜையில் வைத்தாள். "பரவாயில்ல. அன்னைக்குப் போட்டிருந்த துணி இருக்கா? பல்லு பட்ட கிழிசல், ரத்தம், ஏதாவது?"

இழைக்காரியின் முகம் தெளிந்தது. துணி என்றால் அவளுக்குத் தைரியம் வந்துவிடும். பையிலிருந்து சாம்பல் நிறச் சட்டையை எடுத்து விரித்தாள்.

வக்கீலம்மா சட்டையின் வலது கையைப் புரட்டிப் பார்த்தாள். இடது கையைப் புரட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"வேற சட்டையை எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"இல்லைங்க. இதேதான்."

"கிழிசல் எங்கே?"

இழைக்காரி எழுந்து வந்து, வலது கையின் நடுவில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கே நாலு விரல் நீளத்துக்கு. அப்புறம் இங்கே ஒரு ஓட்டை." சொல்லும்போது குரலில் ஒரு துளி பெருமை வந்துவிட்டது. அதை அவளால் அடக்க முடியவில்லை.

"யாரு தைச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

எதுக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? கடிபட்ட அன்று மாலையே புருஷன் சட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வைத்துவிட்டான். ரத்தக் கறை காய்ந்தால் போகாது, அவன் தொழில் அது. ஆறாம் நாள் கட்டுப் பிரித்ததும் இவளுக்கு ஒரே பயம். இனி இந்தக் கை இழை ஓட்டுமா, ஓட்டாதா? வாடிக்கைத் துணியில் சோதித்துப் பார்க்க முடியுமா? எது கெட்டுப்போனாலும் கேள்வி கேட்காத துணி ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதை எடுத்தாள். செத்துப்போன விரல்களுக்கு நடுவே ஊசியைச் செருகி, இடது கையால் தள்ளி, கண்ணால் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். ஒன்றரை மணி நேர வேலை நாலு நாள் பிடித்தது. முடிந்தபோது சந்தோஷத்தில் அழுதாள்.

இவ்வளவையும் சொன்னாள். வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"கடிச்ச அடையாளத்தை நீங்களே அழிச்சீங்க. சரி, போகட்டும். கை போச்சு, தொழில் போச்சுன்னுதானே நஷ்டஈடு கேக்கப் போறோம்? அந்தப் பக்கத்து வக்கீல் இந்தச் சட்டையை வாங்கிப் பார்ப்பார். 'அம்மா, இந்த அழகான தையலை எந்தக் கையால போட்டீங்க'ன்னு கேப்பார். நீங்க என்ன சொல்வீங்க?"

"இந்தக் கையாலதான். ஆனா நாலு நாள் ஆச்சுங்க."

"நாலு நாள் ஆச்சுன்னு துணியில எங்கேயாவது எழுதியிருக்கா?"

இழைக்காரி சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்து முடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். தன் வேலை இவ்வளவு நன்றாக வந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவை வெட்கப்பட்டாள்.

"கேஸ் போடலாம். ரெண்டு வருஷம், மூணு வருஷம் இழுக்கும். டாக்டர் சான்றிதழ், கோர்ட்டுச் செலவு, என் பீஸ். உங்க வீட்டுக்காரரைக் கூண்டுல ஏத்தி அவர் சொன்னது பொய்னு அவர் வாயாலேயே சொல்ல வைக்கணும். சொல்வாரா?"

இழைக்காரி மடித்த சட்டையைப் பைக்குள் வைத்தாள்.

"அது ஒரு பக்கம் இருக்கட்டும்." வக்கீலம்மா அட்டையை மறுபடி எடுத்துத் திருப்பினாள். "ஊசி ரெண்டுதான் போட்டிருக்கு. மூணாவது ஏழாம் நாள் போட்டிருக்கணுமே?"

"நாய் நல்லாத்தான் இருக்கு, வீணா எதுக்கு ஊசின்னு அண்ணி சொன்னாங்க. பத்து நாள் நாய் நல்லா இருந்தா போதுமாமே."

"நாயை நீங்க பார்த்தீங்களா?"

"தெரிஞ்சவங்க தோட்டத்துக்கு அனுப்பிட்டாங்க. போன்ல வீடியோ அனுப்பினாங்க. ஓடுது, ஆடுது."

"எப்போ அனுப்பினாங்க நாயை?"

"அஞ்சாம் நாள்."

வக்கீலம்மா பேனாவை மூடினாள். கடிகாரத்தில் இன்னும் பதினோரு நிமிடம் மீதி இருந்தது. அதைக் கையால் குப்புறக் கவிழ்த்துவிட்டாள்.

"கேஸை விடுங்க. நாயை உயிரோட கண்ணால பார்க்காத வரைக்கும் அது செத்துடுச்சுன்னு வெச்சுக்கணும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே. அந்த வெறிநோய் வந்துட்டா எந்தக் கோர்ட்டும் உங்களுக்குத் தேவைப்படாது."

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, இழைக்காரி போனை எடுத்தாள். நாத்தனார் பத்தாம் நாள் அனுப்பிய வீடியோ. 'பாரு, ஜம்முனு இருக்கான். இனிமே ஊசி அது இதுன்னு புலம்பாதே' என்று கூடவே ஒரு குரல்.

அன்று பார்த்தபோது நாயின் முகத்தைத்தான் பார்த்தாள், பல்லைத்தான் பார்த்தாள். உடனே அணைத்துவிட்டாள். இன்று கழுத்தைப் பார்த்தாள்.

கடைக்குட்டி பந்தை வாயில் கவ்விக்கொண்டு ஓடி வந்தது. கழுத்து பெல்ட்டின் ஓரம் பிய்ந்து, ஒரு முழ நூல் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. நீல ஒட்டு இல்லை.

அவள் மூன்று தடவை பார்த்தாள். அந்தப் பிய்ந்த ஓரத்தை அவள் தன் கையால் கத்தரித்து எறிந்திருக்கிறாள். நீல ஒட்டுப் போட்டுத் தைத்த கடைசித் தையல் அது. நன்றாக இருந்த கையால் போட்டது. அதைக் கழுத்தில் மாட்டிய பிறகு எடுத்த வீடியோ என்றால் ஒட்டு இருக்க வேண்டும். இது பழைய வீடியோ.

ஆஸ்பத்திரி பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்றுதான் வக்கீலம்மா சொன்னாள். ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒருத்தனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு முதலில் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. வீட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

கடையில் புருஷன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வருஷம் முழுக்கக் கையில்லாத பனியனோடு நின்று வேர்த்து வழிகிறவன், ஒரு வாரமாக முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானும் மாட்டிக்கொண்டு நின்றான். கேட்டதற்கு, வாடிக்கைக்காரர்கள் முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று அக்கா சொன்னதாகச் சொன்னான். அக்கா சொன்னால் அவன் கம்பளியும் போர்த்துவான்.

"என்னங்க, நாய் எங்கே?"

"தோட்டத்துல. அதான் சொன்னேனே."

"வாங்க, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

"இப்பவா? வேலை கிடக்கு பாரு."

"உயிரோட இருக்கா?"

அவன் இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நின்றான். யாருடையதோ வெள்ளைச் சட்டை. கருகிய வாசனை வந்தது. அவள்தான் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"அஞ்சாம் நாள் போயிடுச்சு" என்றான். "நான்தான் கொண்டுபோய்ப் பின்னாடி காலி மனையில புதைச்சேன். உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னு அக்கா…"

"எப்படிப் போச்சு?"

"ரெண்டு நாளா தண்ணி குடிக்கல. கிண்ணத்தைப் பக்கத்துல கொண்டு போனாலே…"

"வாயை மூடுடா."

மாடிப்படியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. அந்த வீட்டில் யார் பேசினாலும் அவள் இறங்கி வந்துவிடுவாள்.

"வயசாச்சு, செத்துச்சு. எம் பிள்ளை செத்த மாதிரி நானே அழுதுக்கிட்டு இருக்கேன். உனக்கு விசாரணை வேணுமா?"

"பழைய வீடியோவை அனுப்பி என்னை ஊசி போட விடாம பண்ணீங்களே அண்ணி. நான் செத்திருந்தா?"

"செத்தாப் போச்சு, ஏன் கத்தறே? இன்னும் குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே." நாத்தனார் அவள் பையைப் பார்த்தாள். "வக்கீல் ஆபீஸ் படியேறிட்டு வர்றேல்ல? அந்த ஆபீஸுக்கு எதிர்க்கடைக்காரி பார்த்துட்டுப் போன் பண்ணிட்டா. நாய் செத்துச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னா அவங்க எழுதுவாங்க. எழுதினா நீ அதைத் தூக்கிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவே. என் கடையில உட்கார்ந்து எம்மேலேயே கேஸா? போட்டுக்கோ. அன்னைக்கே ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டிடுங்க."

புருஷன் இஸ்திரி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கருகின சட்டையைத் தடவிக் கொடுத்தான். அதற்கு வலிக்குமே என்று கவலைப்பட்டான் போலிருக்கிறது.

இழைக்காரி ஆத்திரப்படவில்லை. ஆத்திரம் வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. இவர்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அந்தக் கணக்கில் தன் உயிர் ஒரு வீட்டு வாடகைக்குக் கீழே வந்திருக்கிறது என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"போறவ போகட்டும். நீ வேலையைப் பாரு" என்று பின்னால் நாத்தனார் குரல் கேட்டது.

பஸ் புறப்படும்போது அவன் ஓடி வந்து ஏறினான். அக்கா பேச்சை மீறி அவன் செய்த முதல் காரியம் அதுதான். இழைக்காரிக்கு ஒரு கணம் மனசு இளகியது. தனக்காக வந்தான் என்று நினைத்துவிட்டாள். நாமும் அப்படியே நினைத்தோம்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அன்றைக்கு அட்டை எழுதிய அதே அம்மா. ஐந்து மணிக்கு ஊசி அறை மூடிவிடுவார்கள். மணி நாலே முக்கால்.

"ஏம்மா, மூணாவது ஊசிக்கு அஞ்சு நாள் லேட்டு. உயிர் மேல ஆசை இல்லையா?"

"அட்டையை மாத்தி எழுதணும்ங்க. தெருநாய் இல்ல. வீட்டு நாய். அஞ்சாம் நாள் செத்துப்போச்சு. தண்ணி குடிக்காம செத்துச்சு."

அட்டை எழுதுகிற அம்மா தலை நிமிர்ந்து பார்த்தாள். அட்டையில் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். உள்ளே ஒரு குரல் கொடுத்து டாக்டரை இருக்கச் சொன்னாள். பிறகு வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"வீட்ல வேற யாரையாவது கடிச்சுதா?"

"இல்லைங்க" என்று சொல்ல வாயெடுத்த இழைக்காரி, பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவன் இடது கை, வலது கையின் மணிக்கட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது. முகம் வேர்த்திருந்தது.

ஒரு வாரமாக முழுக்கைச் சட்டை.

அவன் கையை இழுத்துக் கவுண்டர் பலகையில் வைத்து, பொத்தானைக் கழற்ற முயன்றாள். மரத்த விரல்களுக்குப் பொத்தான் பிடிபடவில்லை. வழுக்கியது, மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கியது. அவன் உதவவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கடைசியில் பொத்தான் பிய்ந்து தரையில் உருண்டது.

சட்டைக் கையை ஏற்றினாள். மணிக்கட்டுக்கு மேலே நாலு பல். ஓரம் கறுத்து, நடுவில் இன்னும் ஆறாமல் இருந்தது.

"சாகறதுக்கு முன்னாடி தூக்கப் போனேன், கடிச்சுடுச்சு" என்றான் மெல்ல. "அக்காவுக்குத் தெரியாது."

"ஏழு நாளா ஒரு ஊசிகூடப் போடலையா?" அட்டை எழுதுகிற அம்மாவின் குரல் உயர்ந்தது. பதிலுக்குக் காத்திராமல் புது அட்டை ஒன்றை உருவினாள். வயது எழுதினாள், தேதி எழுதினாள், கடித்த இடம் எழுதினாள். "எந்த நாய்?"

கேட்க வேண்டிய அவசியமே இல்லாத கேள்வி. இப்போதுதான் பக்கத்து அட்டையில் அதே பேனாவால் எழுதியிருக்கிறாள். மை காயவில்லை.

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"தெருநாய்ங்க" என்றான்.

அட்டை எழுதுகிற அம்மா இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள். பேனாவையும் அவன் அட்டையையும் இழைக்காரி பக்கம் தள்ளினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. அவர் சொல்றது நிஜம்னு கூட வந்தவங்க கையெழுத்து வேணும். அது இல்லாம அட்டை உள்ளே போகாது. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

கையெழுத்துப் போட்டால் அவனுக்கு ஊசி. போட்டால், ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் இரண்டு பேரைக் கடித்தது தெருநாய் என்று இவளே சாட்சி சொன்னதாக ஆகும். பிறகு எந்த வக்கீலும் அந்தப் படியில் இவளை ஏற்ற மாட்டாள். விரல் போனது போனதுதான்.

"போடு" என்றான் அவன். "அக்கா பேர் வராம போடு. கெஞ்சிக் கேக்கறேன்."

"அன்னைக்கு என் அட்டையில நீங்க போட்டீங்க. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." இழைக்காரி பேனாவைக் கையில் எடுத்தாள். "இன்னைக்கு நாய் யாரோடதுன்னு உங்க வாயால சொல்லுங்க. இந்த அம்மா காதுல விழற மாதிரி சொல்லுங்க. சொல்லி முடிச்ச நிமிஷம் போடறேன்."

"சொல்லலைன்னா?"

"அக்காவை வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்குங்க."

இவ்வளவு கொடுமையாகப் பேசத் தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்ததில்லை. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் அட்டையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். ஒரே ஒரு சொல்தான், "அக்காவோடது" என்று சொன்னால் முடிந்தது.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே யார் என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்" என்று அவளுக்கும் கவுண்டருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, கடிபட்ட கையாலேயே போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"சொல்லுக்கா" என்றான்.

ஊசி அறையிலிருந்து இழைக்காரியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் பேனாவை அவன் அட்டையின் மேல், கையெழுத்துப் போடவேண்டிய கோட்டுக்குக் குறுக்கே வைத்துவிட்டு உள்ளே போனாள்.